நாலாவது ஹார்ன்

எங்க மினி பஸ் சந்தைமேட்டுல கிளம்பி, மலையடிவாரம் தோணிப்பாறையில நிக்கும். நான் அதுல கண்டக்டர். பேரு பிச்சையா. தலை பூரா நரைச்சாச்சு, வாய் மட்டும் இன்னும் அடங்கல. டிரைவர் கொம்பையா. ஆறு வருசமா நாங்க ரெண்டு பேரும் ஒரே வண்டி.

தோணிப்பாறையில ஒரு மடம் உண்டு. மத்தியானம் யார் போனாலும் கஞ்சி ஊத்துவாங்க. ஊத்துறது அன்னத்தாய் அம்மா. சமையலுக்குன்னு வந்தவங்கதான். மடத்துப் பழைய சாமியார் காலமான பிறகு கரண்டி அவங்க கையில இருந்துச்சு. சாமிகிட்ட கேட்ட கேள்வியை எல்லாம் ஜனங்க அவங்ககிட்ட கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. வயசு நாப்பதுகூட ஆகல. கொம்பையாவுக்கு நாப்பத்தேழு. ஆனாலும் அவன் அவங்களை அம்மாம்பான், அவங்க இவனை அண்ணேம்பாங்க. நான் அம்மாவோட சீடனாக்கும்னு கொம்பையா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவான்.

ஒரு தடவை இவன், "கடவுள் எங்கம்மா இருக்காரு?"ன்னு கேட்டான். அம்மா கரண்டியை இவன் கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. அறுபது பேருக்கு ஊத்தினான். முடிச்சு வந்து, "நான் என்னமோ கேட்டேனே, என்னது?"ன்னு என்கிட்டயே கேக்கான். அப்படி ஒரு சீடன்.

அன்னைக்கு புதன்கிழமை. கஞ்சியைக் கையில வெச்சுக்கிட்டு குடிக்காம உக்காந்திருந்தான்.

"என்னண்ணே, உப்பு இல்லையா?"

"உப்பெல்லாம் இருக்கும்மா. எனக்குத்தான் தொண்டையில இறங்கல."

சட்டைப் பையில இருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். நாலா மடிச்சது. அறுபது மைல் தள்ளி ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் இருக்காம். அதுல பிள்ளையைச் சேர்க்கிற படிவம். எல்லாம் எழுதி முடிச்சாச்சு, அப்பன் கையெழுத்து மட்டும் பாக்கி. அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

"மதிவதனியையா?"ன்னு கேட்டாங்க அம்மா.

"வேற யாரை? எனக்கு இருக்கது ஒண்ணே ஒண்ணு."

"ஏழு வயசுதானே ஆகுது?"

"ஏழு வயசு மாதிரியாம்மா இருக்கா? பக்கத்துப் பிள்ளை கையைக் கடிச்சு வெச்சிருக்கா. என் செருப்பைக் கிணத்துல போட்டா. வான்னா வர மாட்டேங்கா, உக்காருன்னா உக்கார மாட்டேங்கா. ஒரு சொல்லை நாலு தடவ சொல்லணும். நாலாவது தடவ நான் எந்திரிச்சுக் கையை ஓங்கணும். அப்பத்தான் அசைவா. எனக்கு முடியலம்மா."

"உங்க வீட்டுக்காரி செண்பகம் என்ன சொல்லுது?"

"அவ என்ன சொல்லுவா? பிள்ளையை அனுப்பாதீங்கன்னு அழுதா. ரெண்டு நாளா வீட்டுல அடுப்பு எரியிறதே பெரும்பாடு." குரல் இறங்கிடுச்சு. "நீங்க ஒரு தடவ கூப்பிட்டு அதட்டுங்கம்மா. உங்களுக்குப் பயப்படுவா. சேட்டை பண்ணினா மடத்தம்மாகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன், சாக்குல போட்டுக் கட்டிருவாங்கன்னு சொல்லித்தான் வெச்சிருக்கேன்."

அம்மா சிரிச்சிட்டாங்க. "அதானா! சந்தையில என்னைப் பாத்தா சின்னப் பிள்ளைங்க எல்லாம் ஓடுது. என் மூஞ்சிதான் சரியில்லைன்னு நினைச்சேன்."

"சிரிக்காதீங்கம்மா. பிள்ளையை எப்பக் கூட்டிட்டு வரட்டும்?"

"பிள்ளை வேண்டாம். நாளைக்கு நான் உங்க வண்டியில வாரேன்."

கொம்பையா என்னைப் பாத்தான். நான் அவனைப் பாத்தேன். அம்மா வண்டி ஏறி நாங்க பாத்ததே இல்ல.

மறுநாள் நிஜமாவே சந்தைமேட்டுக்கு வந்துட்டாங்க. டிரைவர் பக்கத்துல, இன்ஜின் பெட்டி மேல உக்காந்து, மடியில நாலு கொய்யாப்பழத்தைப் போட்டுக்கிட்டாங்க.

சந்தைமேடு தாண்டினதும் சைக்கிள்ல புல்லுக்கட்டை வெச்சு உருட்டிக்கிட்டு ஒருத்தர் நடு ரோட்டுல போனார். வேலுச்சாமி. தினம் போற ஆள்தான். கொம்பையா ஹார்ன் அடிச்சான். அவர் போய்க்கிட்டே இருந்தார். ரெண்டு. மூணு. கழுத்தைக்கூடத் திருப்பல. நாலாவது ஹார்னை நீட்டி அடிச்சு, பிரேக்கையும் போட்டு, தலையை வெளிய நீட்டி, "யோவ், காது அவிஞ்சு போச்சா?"ன்னு கத்தினான். அப்புறம்தான் சைக்கிள் ஓரம் போச்சு.

அம்மா கொய்யாவைக் கடிச்சாங்க. "முதல் ஹார்னுக்கு அவர் ஏன் போகல?"

"முதல் ஹார்னுக்கு எவன்மா போவான்?"

"காது கேக்காதோ?"

"அதெல்லாம் நல்லாக் கேக்கும். இன்னும் மூணு இருக்குன்னு தெரியும்."

"யார் சொன்னாங்களாம்?"

"யாராவது சொல்லணுமா? தினமும்தானே கேக்கான்."

"சரி, நாலாவதுதான் கடைசின்னு எப்படிக் கண்டுபிடிக்கார்?"

"அதுலதானே பிரேக் சத்தம் சேர்ந்து வரும்!" கொம்பையாவுக்கு எரிச்சல். பிள்ளை விசயமா ஏதாவது சொல்லுவாங்கன்னு பாத்தா, புல்லுக்கட்டுக்காரனைப் பத்தி விசாரணை நடக்கு.

வாகைமர வளைவுல வண்டி திரும்பிச்சு. அது தாண்டினா செவ்வோடைப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு மைல் ஆளே கிடையாது, நேரா தோணிப்பாறைதான்.

அம்மா கேட்டாங்க, "வளைவுல ஓரமா நின்னாங்களே, அவங்க யாரு?"

"யாரு நின்னா?"

"இடுப்புல ஒரு குடம், கையில ஒரு குடம்."

கொம்பையா முழிச்சான். நான்தான் சொன்னேன், அது பொன்னுத்தாயி, தினமும் இந்த நேரத்துக்கு அந்த வளைவுல தண்ணி எடுத்துட்டுப் போவும், வண்டிச் சத்தம் கேட்டதுமே பாரத்தோட முள்ளுக்குள்ள ஒதுங்கி நிக்கும்னு.

"எத்தனை வருசமா?"

"நாங்க இந்த வண்டிக்கு வந்த நாள்லேர்ந்து."

"அண்ணே, நீங்க பாத்ததே இல்லையா?"

"ஒதுங்கி நிக்கிறவங்களை எதுக்கும்மா பாக்கணும்? குறுக்க நிக்கிறவனைப் பாக்கவே எனக்கு ரெண்டு கண்ணு பத்தல."

அம்மா ரெண்டாவது கொய்யாவை எடுத்தாங்க. இறங்கும்போதுதான் பேசினாங்க.

"நாளையிலேர்ந்து ஒருத்தருக்கு ஒரு ஹார்ன்தான். விலகலைன்னா வண்டியை நிறுத்திடுங்க. திட்டக்கூடாது, அவங்க போற வரைக்கும் இருங்க. விலகிட்டா கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போங்க. ஓரமா நிக்கிறவங்களுக்கும்தான்."

"பிள்ளைக்கு என்ன செய்யம்மா?"

"அதைத்தான் சொன்னேன்."

போயிட்டாங்க. கொம்பையா இன்ஜினை அணைச்சான்.

"என்ன பிச்சையாண்ணே சொல்லிட்டுப் போறாங்க?"

"எனக்கு மட்டும் என்னலே தெரியும்? நீதானே சீடன்!"

"ஹார்ன்ல எதுவும் தோஷம் இருக்குமோ?"

வெள்ளிக்கிழமை காலையில பாத்தா, வண்டி முன்னாடி ஹார்னுக்கு எலுமிச்சம்பழம் கட்டித் தொங்குது, சுத்தி மஞ்சளும் குங்குமமும். எனக்கு எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல. சரி, கிடந்துட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன்.

அன்னைக்கு நாங்க பட்ட பாடு நாய் படாது. வேலுச்சாமிக்கு ஒரு ஹார்ன். அவர் போய்க்கிட்டே இருந்தார். கொம்பையா வண்டியை நிறுத்திட்டான். அவர் கொஞ்ச தூரம் போயி, ரெண்டாவது சத்தம் வரலையேன்னு நின்னார். திரும்பிப் பாத்தார். சைக்கிளைச் சாய்ச்சு வெச்சுட்டு எங்ககிட்டயே வந்துட்டார்.

"என்ன டிரைவரே, ஹார்ன் ரிப்பேரா?"

"இல்ல."

"பின்ன ஏன் அடிக்க மாட்டேங்கீக?"

"ஒண்ணு அடிச்சேன்லா."

"ஒண்ணுதானே அடிச்சீக!"

வண்டிக்குள்ள இருந்து எல்லாரும் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆபீசுக்குப் போணும், ஆஸ்பத்திரிக்குப் போணும், டிரைவருக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டோன்னு. வாங்கிக் கட்டிக்கிட்டது நான்.

சனிக்கிழமை அதைவிட மோசம். விசயம் ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. டீக்கடை முன்னாடி நாலு பேர் வேணும்னே நடு ரோட்டுல நின்னு, கிளாசைக் கையில வெச்சுக்கிட்டு எங்களைப் பாத்துச் சிரிக்கானுக. கொம்பையாவோட கை ஹார்னுக்குப் போச்சு. நான் பின்னாடி இருந்து அவன் தோளைப் பிடிச்சேன்.

"விடுண்ணே, ஒரே ஒரு அமுக்கு!"

"அடிச்சேன்னா நேத்து நாம வாங்கின ஏச்செல்லாம் வீணாப் போயிரும். இருலே."

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. இருந்தான். காது ரெண்டும் சிவந்து போச்சு. கொஞ்ச நேரத்துல சிரிச்சவனுகளுக்கே போரடிச்சிட்டு. ஒருத்தன் டீயை ஊதினான், ஒருத்தன் வானத்தைப் பாத்தான். அப்புறம் ஒவ்வொருத்தனா நகந்துட்டான். கொம்பையா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கையைத் தூக்கினான்.

செவ்வாய்க்கிழமை ஒண்ணு நடந்துச்சு. முதல் ஹார்னுக்கு வேலுச்சாமி சைக்கிள் ஓரம் போச்சு. கொம்பையா கையைத் தூக்கினான். அவரும் தூக்கினார். டீக்கடையிலயும் அதே கதைதான். வளைவுல பொன்னுத்தாயிக்குக் கையைக் காட்டினதும், அது குடத்தோட திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. மறுநாள் முள்ளுக்குள்ள நிக்கல, ரோட்டோரமா நிமிந்து நின்னு சிரிச்சுச்சு. ஆறு வருசத்துல அதுக்கு ஒரு பல்லு இல்லைங்கிறதை அன்னைக்குத்தான் பாக்கோம்.

எனக்கு என்னமோ புரிஞ்ச மாதிரியும் இருந்துச்சு, புரியாத மாதிரியும் இருந்துச்சு. கொம்பையா நேரா அம்மாகிட்ட போனான்.

"ரோடு சரியாயிட்டும்மா. வண்டி கால் மணி நேரம் முன்னாடி வருது."

"நல்லது."

"பிள்ளை சரியாகலையே. அப்படியேதான் இருக்கா. நேத்துகூட நாலு தடவ கத்தினேன்."

அம்மா கரண்டியைக் கீழ வெச்சாங்க. "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?"

"கோயில் கொடைத் திருவிழா. லீவு."

"கூட்டிட்டு வாங்க."

வியாழக்கிழமை மதிவதனி வந்தா. ரெட்டைச் சடை, முட்டியில காஞ்ச புண்ணு, கண்ணு ரெண்டும் ஒரு இடத்துல நிக்காது. கொம்பையா சட்டைப் பையில படிவமும் பேனாவும் இருந்துச்சு. அம்மா முன்னாடி வெச்சு கையெழுத்துப் போட்டுட்டு, சாயங்காலமே தபால்ல சேர்க்கிறதா செண்பகத்துகிட்ட சொல்லிட்டு வந்திருந்தான்.

இன்ஜின் பெட்டி மேல பிள்ளையை உக்கார வெச்சோம். உக்காந்த உடனே கியர் கம்பியில கையை வெச்சா.

"ஏட்டி, கையை எடு."

எடுக்கல.

"எடுன்னு சொல்லுதேம்லா."

அவ இவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா.

"எடுக்கியா இல்லையா?"

கொஞ்சமா சிரிச்சா. கொம்பையா பிரேக்கை மிதிச்சு, கையை ஓங்கினான். எடுத்துட்டா. அடுத்த நிமிசம் என் விசிலைப் பிடுங்கி ஜன்னல் வழியா வீசிட்டா. எனக்கும் கோவம் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா ஒண்ணைக் கவனிச்சேன். திட்டு விழும்போதெல்லாம் அந்தப் பிள்ளை அப்பன் கண்ணைத்தான் பாக்கு. காலையில அஞ்சு மணிக்குக் கிளம்புற மனுசன் எப்ப இவ கண்ணைப் பாக்கப் போறான்?

வழியில வேலுச்சாமிக்குக் கை தூக்கினான், டீக்கடைக்குத் தூக்கினான். வளைவுல பொன்னுத்தாயிக்குத் தூக்கினான்.

"யப்பா, எதுக்குக் கையைத் தூக்குதே?"

"அவங்க ஒதுங்கி நின்னாங்கல்லா, அதுக்கு."

"குறுக்க வராம நின்னா தூக்குவியா?"

"ஆமா. பேசாம வா."

பாலத்துல வண்டி ஏறிச்சு. மதிவதனி கையை ரெண்டையும் மடியில வெச்சா. காலை ஆட்டுறதை நிறுத்தினா. சடையைப் பின்னாடி தள்ளிவிட்டுட்டு, முதுகை நேரா வெச்சு உக்காந்தா. ரெண்டு மைலும் அப்படியேதான். மூச்சுகூட மெதுவா விடுதா. அடிக்கடி தலையைத் திருப்பி அப்பனைப் பாக்கா. ரோட்டுல ஒரு ஆளும் குறுக்க வரல. கொம்பையா நேரா ரோட்டைப் பாத்து ஓட்டிக்கிட்டு இருந்தான். வாய் வரைக்கும் வந்துச்சு எனக்கு, இந்தா பாருலேன்னு. ஏனோ சொல்லல. சொல்லியிருக்கலாம்னு இப்பவும் தோணும்.

தோணிப்பாறை வந்துச்சு. இறங்கினதும் பிள்ளை மூஞ்சி இருண்டு கிடந்துச்சு. மடத்து வாசல்ல அடுக்கியிருந்த தட்டை எல்லாம் காலால ஒரு தள்ளு தள்ளினா. கலகலன்னு உருண்டுச்சு.

"பாத்தீங்களாம்மா? உங்க கண்ணு முன்னாடியே! வந்த வழி பூரா இதேதான். கியரைப் பிடிச்சா, விசிலைத் தூக்கிப் போட்டா. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் சும்மா இருந்தாளான்னு கேளுங்க!"

அம்மா அதட்டல. தரையில உக்காந்து தட்டைப் பொறுக்கினாங்க. பிள்ளை பயந்துக்கிட்டே அம்மா இடுப்பைச் சுத்திப் பாத்தா. சாக்கு எங்கன்னு தேடியிருப்பா போல.

"ஏம்மா, அப்பா சொல்றது நிஜமா?"ன்னு அம்மா கேட்டாங்க.

மதிவதனி அம்மாவைப் பாத்துச் சொல்லல, அப்பனைப் பாத்துத்தான் சொன்னா.

"நான் பாலத்துலேர்ந்து சும்மாதான் இருந்தேன். நீ கையே தூக்கல."

கொம்பையா என் பக்கம் திரும்பினான். நான் தலையை ஆட்டினேன். ஆமாலே, சும்மாதான் இருந்துச்சு, பாலத்துலேர்ந்து இது வரைக்கும்.

"நான் பாக்கலையே"ன்னான். ரெண்டாவது தடவையும் அதையே சொன்னான், மெதுவா. "நான் பாக்கலையேம்மா."

அம்மா ஒரு தட்டைப் பிள்ளை கையில குடுத்தாங்க. அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டே அதை அடுக்குல வெச்சா. அம்மா அவளைப் பாத்துக் கையைத் தூக்கினாங்க. அவ அடுத்த தட்டை எடுக்க ஓடினா.

கொம்பையா அதைப் பாத்துக்கிட்டே நின்னான். பிறகு பையில இருந்து படிவத்தை எடுத்தான்.

"அம்மா, நாளைக்குக் கடைசி நாள். இதை நான் என்ன செய்ய?"

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

அம்மா கடைசித் தட்டையும் துடைச்சு வெச்சுட்டு எந்திரிச்சாங்க.

"அந்தக் கைக்குப் பாலத்துல இவளுக்குன்னு ஒரு வேலை பாக்கி இருக்குண்ணே. அதை முடிச்சிட்டு வந்து போடுங்க."